முப்பத்து நாலு வயதுக் கிழவிகள்

1

போன மாதம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து என் மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் விழாக் குழுவின் செயலாளராம். ஊரில் நெடுநாள் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு எழுபத்தைந்து வயது நிறைகிறது, பவள விழா எடுக்கிறோம், மலர் போடுகிறோம், வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும் என்றார். என் மகன் ஐயாவிடம் படித்தவன், அடியும் வாங்கியவன். அவனைத்தான் எழுதச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். செயலாளர் என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"பாயம்மா, ஐயாவோட முதியோர் கல்வில நீங்கதான் மொத ஸ்டூடண்டு. அம்பது வயசுல ஒரு பாயம்மாவுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்தேன், இன்னிக்கு அது லண்டன்ல பேப்பர் படிச்சிகினு கீதுன்னு ஐயா போற எடத்துல எல்லாம் சொல்வாரு. நீங்க எழுதாம மலரா?"

மிளகாயை அரைத்துக் கண்ணில் பூசினாற்போல் இருந்தது எனக்கு. முதலில், நான் இருப்பது லண்டன் இல்லை. இரண்டாவது, எனக்கு அ, ஆ சொல்லித் தந்தவர் அவர் இல்லை. சொல்லித் தர மாட்டேன் என்று ஊரார் முன்னால் விரட்டியவர் அவர். நான் இங்கே பேப்பர் படிப்பது மகன் கடிதம் வழியாகக் காதில் விழுந்ததும், விரட்டிய கதையை அவரே வளர்த்த கதையாக மாற்றிப் பத்துப் பதினைந்து வருடமாக மேடை மேடையாக மாலை வாங்கியிருக்கிறார். எனக்கு இங்கே குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருக்க, அங்கே என்னை வைத்து அவருக்குக் கைதட்டல்.

நான் கோபத்தைக் காட்டவில்லை. மலரில் விளம்பரப் பக்கம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். விளம்பரத்தில் என்ன எழுதினாலும் அப்படியே போடுவீர்களா என்று கேட்டேன். பணம் கட்டியவர்கள் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாற்றமாட்டோம் என்று செயலாளர் வாக்குக் கொடுத்தார். எத்தனை பக்கம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டார். ஆகவே, மலரை விரித்துப் படிக்கிற ஊர் மக்களே, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது வாழ்த்துக் கட்டுரை இல்லை. விளம்பரம்.

2

என்னைத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கதீஜா. ஊரில் பாயம்மா என்றால் போதும், துணி மூட்டையோடு வருகிறவள் என்று தெரியும். இங்கிலாந்தின் வடக்கே எந்நேரமும் ஈரமாகக் கிடக்கிற ஓர் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்க்கிறான். மருமகள் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். பேத்திக்கு எட்டு வயது. என்னை நன்னி என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லும் சோறும் தவிர அவளுக்குத் தமிழ் எல்லாம் ஆங்கிலத்தின் மேல் போர்த்திய துணிதான். ஒருநாள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "நன்னி, நீங்க எவ்ளோ பழசு?" என்று கேட்டாள்.

இங்கே வயதை அப்படித்தான் கேட்பார்கள். மூன்று மாதக் குழந்தையைக்கூட எத்தனை பழசு என்றுதான் கேட்கிறார்கள். அதை அவள் அப்படியே தமிழுக்கு இறக்கிவிட்டாள். மருமகள் பதறிப்போய்த் திருத்தினாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழசாவது புடவை, பழசாவது புளி, நான் பழசில்லை என்று சொல்லிவைத்தேன்.

எனக்கு எத்தனை வயது என்பதும் லேசான கேள்வி இல்லை. என் பிறந்த நாளை யாரும் எழுதிவைக்கவில்லை. பாஸ்போர்ட் எடுத்துத் தந்த ஏஜெண்டு ஜூலை ஒன்று என்று போட்டு, எனக்கு நாலு வயதையும் குறைத்துவிட்டார். அதனால் இந்த அரசாங்கக் கணக்கில் நான் இன்னும் இளமையாக இருக்கிறேன். முதியோருக்கான இலவச பஸ் அட்டை எனக்கு நாலு வருடம் தாமதமாகத்தான் வந்தது. அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் என் நரையைக் காட்டினேன். நரைக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்பதுபோல் பார்த்தாள்.

புதன்கிழமை காலையில் நகராட்சிக் குளத்தில் பெண்களுக்கு மட்டும் நீச்சல் வகுப்பு நடக்கிறது. முழுக்கைச் சட்டையும் கால்சட்டையுமாக நானும் போகிறேன். கடற்கரை ஊரில் பிறந்து, கணுக்காலுக்கு மேல் கடலை அறியாதவள் நான். எந்நேரமும் அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் வளர்ந்துவிட்டு, இந்த வயதில், மருந்து வாடை அடிக்கிற தொட்டியில் கை அடிக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கரையில் உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரிகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புத்தான் பிடிக்கவில்லை. தவழ்கிற குழந்தையைப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளுகிற சிரிப்பு. ஊரில் ஏளனம், இங்கே கொஞ்சல். இரண்டையும் வாங்கியவள் என்பதால் சொல்கிறேன், இரண்டுக்கும் அடியில் இருக்கிற எண்ணம் ஒன்றுதான்: உனக்கு இனிமேல் இது எதற்கு?

அந்த எண்ணத்தை முதன்முதலில் வாய்விட்டு என்னிடம் சொன்னவர் யார் என்பதற்குத்தான் இந்த விளம்பரம்.

3

எழுபதுகளின் கடைசி அது. செங்கல்பட்டு கடைத்தெருவில் ஒரு சின்ன ஜவுளிக்கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர் மவுத்தாகிச் சில வருடம் ஆகியிருந்தது. கடை கைவிட்டுப் போனது. நான் மூட்டையைத் தூக்கினேன். செங்கல்பட்டில் மொத்தமாகத் துணி எடுத்து, கல்பாக்கத்தில் அணுசக்திக்காரர்கள் குடியிருப்பில் வீடு வீடாக விற்பேன். ரவிக்கைத் துணி, பாவாடைத் துணி, உள்பாவாடை. அங்கே தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்த சம்பளக்காரக் குடும்பங்கள் இருந்தன. யாவாரம் நன்றாகவே நடந்தது.

நடக்காதது ஒன்றுதான். எனக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஓதப் பழகியவள், அரபு எழுத்து ஓடும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. பஸ் நிலையத்தில் யாரையாவது கேட்டுக்கேட்டுத்தான் ஏறுவேன். ஒருநாள் இரண்டு வாலிபர்கள் வேண்டுமென்றே வண்டியை மாற்றிக் காட்டிவிட்டார்கள். செங்கல்பட்டு போகவேண்டியவள் செய்யூர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வரும்போது வண்டி வெகுதூரம் வந்துவிட்டது. "போர்டு பாத்து ஏறக் கூடாதா? வயசாயிட்டா வூட்ல கெடக்கறதுதானே," என்று சொல்லி, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இறக்கிவிட்டுப் போனார். திரும்புகிற வண்டி வரும்வரை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அழுதது கண்டக்டருக்காக இல்லை. எதிரே ஒரு மைல்கல் இருந்தது. அதில் ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. அதுவும் என்னிடம் பேசமாட்டேன் என்றது.

அந்த வாரமே ஊரில் தண்டோரா போட்டார்கள். முதியோர் கல்வி வகுப்பு ஆரம்பமாகிறது, ஹெட்மாஸ்டர் ஐயாவே நடத்துகிறார், பலகையும் புத்தகமும் இலவசம் என்று. முதியோர் கல்வி! அந்தச் சொல் எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. அதுவரை முதியோர் என்ற சொல்லோடு சேர்ந்து எனக்குத் தெரிந்தது பென்ஷன் ஒன்றுதான். சலவைப் புடவை கட்டிக்கொண்டு, மற்றவர்களுக்கு முன்னால் போய்ப் பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். சின்ன வயது ஆண்களும் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐயா வந்து என்னைப் பார்த்ததும், யாரைச் சேர்க்கக் கூட்டி வந்தாய் என்று கேட்டார். யாரையும் இல்லை, நான்தான் என்றேன்.

"முதியோர் கல்வின்னா கெழவிங்களுக்கு இல்லம்மா. பதினஞ்சுலேந்து முப்பத்தஞ்சு வரிக்கும்தான். நீ வூட்டு முதியோர். இது கவர்மெண்டு முதியோர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். சட்டம் அப்படி என்றால் அவர் மேல் குற்றம் இல்லை. சும்மா ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன், பலகைகூட வேண்டாம், பஸ் போர்டு படிக்கிற அளவுக்கு வந்தால் போதும் என்று கெஞ்சினேன். ஒரு வார்த்தை, சரி, உட்கார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் எழுதியிருப்பது வாழ்த்துக் கட்டுரையாக இருந்திருக்கும். ஐயா சபையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முப்பத்தஞ்சுக்கு மேல மண்டைல ஏறாதும்மா. உனக்கு இனிமே எதுக்குப் போர்டு? மேல போற பஸ்ஸுக்குப் போர்டு கெடையாது. அதுவா வந்து ஏத்திக்கினு போவும்."

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. ஐயாவுக்கு அன்றைக்கு அறுபதுக்கு இரண்டு வருடம் குறைவு. அவரைவிட நான் இளையவள் என்பது அவருக்கும் தோன்றவில்லை, சிரித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

நான் ஐந்து வேளை தொழுகிறவள். மன்னிப்பதன் மேன்மை எனக்கும் ஓதித்தந்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தொழுது, மன்னிக்க மனதைக் கொடு என்று துஆ கேட்டேன். மனது வரவில்லை. பழி வாங்க வேண்டும் என்று நினைத்தேன், உடனே பசித்தது. சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

4

எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தது குடியிருப்பில் இருந்த ஒரு திருநெல்வேலிக்காரப் பெண். புருஷன் வேலைக்குப் போனால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் கிடந்தாள். மூட்டையோடு போகிறபோதெல்லாம், அடுப்பில் சோறு கொதிக்கிற நேரத்தில், சமையல்கட்டுத் தரையில் கரித்துண்டால் எழுதிக் காட்டுவாள். என் கை வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். அரபு ஓதிய கை. 'மரம்' என்று அவள் எழுதியதைப் பார்த்து நான் எழுதினால் எழுத்துகள் பின்னாலிருந்து முன்னால் வந்து நிற்கும். புத்தகத்தைக் கொடுத்தால் கடைசிப் பக்கத்தைத் திறப்பேன். அவளும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்ததும் என் கையைப் பிடித்து இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சிரிப்பை நான் கணக்கில் வைக்கவில்லை.

பாதி எழுத்து வந்ததும் என் பழியைத் தொடங்கினேன். ஐயாவின் பெயரை எழுதப் பழகிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய வீட்டம்மாவை ஊரில் வாத்தியாரம்மா என்போம். செய்யூர்ப் பக்கத்துப் பெண். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார், அதிர்ந்து பேசாதவர். துணி காட்டுகிற சாக்கில் உள்ளே போய், தையற்காரர்கள் கோடு போடுகிற சாக்கட்டியால் ஒரு நீல ரவிக்கைத் துணியில் ஐயா பெயரைப் பெரிதாக எழுதி வாத்தியாரம்மா முன்னால் விரித்தேன். உன் புருஷன் முடியாது என்றதை முடித்துவிட்டேன் பார் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். வாத்தியாரம்மா துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதுல இன்னா எழுதிக்கீற பாயம்மா?" என்று கேட்டார்.

எனக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது. ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில், வாத்தியாரம்மா என்று ஊரே கூப்பிடுகிறவருக்கு, புருஷன் பெயரை எழுத்தில் அடையாளம் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் கேட்டாராம். உனக்கு எதுக்கு என்றாராம். பிள்ளைகள் பிறந்த பிறகு கேட்டாராம். இனிமே எதுக்கு என்றாராம். அதற்குப் பிறகு கேட்கவில்லையாம்.

அன்றிலிருந்து எனக்கு வாரம் ஒரு நாள் அந்த வீட்டில் துணி வேலை இருந்தது. திருநெல்வேலிக்காரி எனக்குச் சொல்லித் தந்ததை நான் கொண்டுபோய் வாத்தியாரம்மாவுக்குக் கொடுப்பேன். துணியில் சாக்கட்டியால் எழுதுவது, படிப்பது, ஒரு தட்டுத் தட்டுவது. எழுத்து தூசியாகப் போய்விடும். ஐயா கூடத்தில் சாய்வு நாற்காலியில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே நாங்கள் பேசுவது அவர் காதில் விழத்தான் செய்யும்.

"கொம்பு வெச்சது ஒண்ணு காட்டு பாயம்மா."

"ஒத்தக் கொம்பா, ரெட்டக் கொம்பா?"

"ரெண்டும்தான் எடேன். இது இன்னா, மூணு சுழியா? எனக்கு ரெண்டு சுழி போதும். புள்ளி போட்டது எடுப்பா கீது."

கொம்பு வைத்த கெயும் கேயும், சுழி போட்ட ணகரமும் னகரமும், புள்ளி வைத்த மெய்யெழுத்தும் அந்த வீட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தன. பெண்களுக்குத் துணி பார்க்க உட்கார்ந்தால் பொழுது போவது தெரியாது என்று ஐயா தன் சிநேகிதர்களிடம் குறைப்பட்டுக்கொள்வாராம். ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்து, இத்தனை நாள் பார்த்தும் ஒரு துணிகூட வாங்கவில்லையே என்றார். வாத்தியாரம்மா அந்த நீல ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் ஒருவழியாக எல்லாம் முடித்த நேரத்தில் அரசாங்கம் எழுத்தைச் சீர்திருத்தியது. லை, னை எழுத்துகளுக்கு முன்னே யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு உண்டு. அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் துதிக்கையை வளைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கற்றுக்கொள்வதற்குள் கழற்றிவிட்டார்களே என்று வாத்தியாரம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

5

ஐயாவின் வகுப்பு சரியாக நடக்கவில்லை. ஏட்டில் முப்பது பேர், தரையில் ஏழு பேர். மீன்பாடு உள்ள நாளில் அந்த ஏழும் வராது. செங்கல்பட்டிலிருந்து அதிகாரி பார்வையிட வருகிறார் என்று தெரிந்ததும் ஐயா ஆள் பிடிக்கக் கிளம்பினார். அறுவடை நேரம், யாரும் அகப்படவில்லை. கடைசியில் சொந்த வீட்டு அம்மாவையே பின்வரிசையில் உட்காரச் சொன்னார். துணிக்கார பாயம்மாவையும் கூட்டி வா என்று அவரிடமே சொல்லி அனுப்பினார். வயது கேட்டால் இரண்டு பேரும் முப்பத்து நாலு என்று சொல்ல வேண்டும். ஏட்டில் இருக்கிற ஒருத்திக்குப் பதிலாக உட்காருவதால் அன்றைக்கு என் பெயர் மல்லிகா.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதிகாரி முன்னால், ஊர் முன்னால், எழுந்து நின்று படித்துக் காட்டப் போகிறேன். மண்டையில் ஏறாது என்றவர் முகத்தைப் பார்க்கப் போகிறேன். போகிற வழியெல்லாம் உதட்டுக்குள் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அதிகாரி சின்ன வயதுக்காரர். கறாரானவர் என்று பார்த்ததும் தெரிந்தது. என்னிடம் பெயர் கேட்டார். முக்காடு போட்டபடி மல்லிகா என்றேன். வயது கேட்டார். முப்பத்து நாலு என்றேன். என் முகத்தையும் ஐயா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயா மேற்கூரையைப் பார்த்தார். பிறகு அதிகாரி சாக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு சொல் எழுதினார்.

கடல்.

மூன்றே எழுத்து. கடைசியில் புள்ளி. பார்த்த மாத்திரத்தில் அந்தச் சொல் என்னைப் பார்த்துப் பேசிவிட்டது. மைல்கல் பேசவில்லை, பஸ் பேசவில்லை, இது பேசியது. நான் எழப்போனேன். வாத்தியாரம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். தலைப்புக்குள்ளிருந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"படிச்சா அவருக்குத்தான் பேரு பாயம்மா."

அந்த ஒரு நொடியில் எனக்குப் புத்தி வந்தது. அதிர்ந்து பேசாத அந்த அம்மாவுக்கு இருந்த கூர்மை எனக்கு இல்லை. நான் படித்தால் ஏட்டில் ஐயாவின் வெற்றி என்று ஏறும். செங்கல்பட்டு வரை போகும். அவர் மறுத்த எழுத்துக்கு அவரே சொந்தக்காரர் ஆவார். எழுந்து நின்றேன். பலகையை நன்றாகப் பார்த்தேன். தெரியாதுங்க என்றேன். அடுத்து வாத்தியாரம்மா எழுந்தார். தலை குனிந்தபடி அவரும் தெரியாதுங்க என்றார்.

என் வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் வலித்த சொல் அதுதான். படிக்கத் தெரியாத காலமெல்லாம் தெரியாது என்று சொல்லி வெட்கப்பட்டவள், தெரிந்த அன்றைக்கும் அதையே சொன்னேன். ஆனால் அந்த வலிக்குள் ஒரு ருசி இருந்தது. அதை மறைக்கமாட்டேன்.

ஐயாவுக்கு வேர்த்தது. வயதானவர்களுக்கு மண்டையில் ஏறாது என்று சொல்லித் தப்பிக்க வாய் துடித்திருக்கும். எப்படிச் சொல்வார்? எங்களை முப்பத்து நாலு ஆக்கியவர் அவர்தானே. அதிகாரி சாக்கட்டியைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இத்தனை மாசம் படிச்சும் இந்த வயசுல மூணு எழுத்து வரலைன்னா குறை அவங்க மேல இல்ல சார்."

வகுப்பு அதற்குப் பிறகு பெயரளவில்தான் இருந்தது. ஐயா வீட்டில் கத்தினாராம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றாராம். வாத்தியாரம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்தப் பழமொழி மரத்துக்குச் சொன்னது. மனுஷிக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

6

அடுத்த வருடம் மகன் என்னை இங்கே அழைத்துக்கொண்டான். செங்கல்பட்டு வண்டியில் போர்டு படித்து ஏறித்தான் வந்தேன்.

இப்போது காலம் மாறிவிட்டது என்று செயலாளர் தொலைபேசியில் பெருமையாகச் சொன்னார். செங்கல்பட்டில் பேரன் எடுத்தவர்கள் டைப்ரைட்டிங் கற்கிறார்களாம், மாமல்லபுரம் கடற்கரையில் பெரியவர்கள் கான்வாஸ் ஷூ போட்டு நடக்கிறார்களாம், யாரும் கேலி செய்வதில்லையாம். ஐயாவும் மேடையில் கல்விக்கு வயதேது என்றுதான் பேசுகிறாராம். நல்லது. மாறியதில் எனக்கு வழக்கு இல்லை. மாறியவர்கள், தாங்கள் எப்போதும் இப்படித்தான் இருந்தோம் என்பதுபோல் பேசுகிறார்களே, அதில்தான் வழக்கு. அவர் வாயால் விரட்டப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? நான் ஒருத்தி துணிச்சல்காரி, வேறு வழி தேடினேன். சிரிப்புக்குப் பயந்து வாசலோடு திரும்பியவர்களில் எத்தனையோ பேர் பெருவிரலில் கைநாட்டு மையோடுதான் மவுத்தானார்கள். அவர்களுக்கு விழாவும் இல்லை, மலரும் இல்லை.

எழுதத் தொடங்குவதற்கு முன் வாத்தியாரம்மாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மகன் எண்ணைச் சுழற்றித் தந்தான். அவரே எடுத்தார். ஐயாவுக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது, ஆபரேஷன் செய்தும் எழுத்து தெரியவில்லை என்றார். பக்கத்து வீட்டில் இருக்கிற பென்ஷன்காரர் தினமும் காலையில் வந்து பேப்பர் படித்துக் காட்டுகிறாராம். அவர் வராத நாளில் ஐயா நிலைகொள்ளாமல் கிடப்பாராம். வாத்தியாரம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்வாராம். பென்ஷன்காரர் வருவதற்கு முன்பே அந்தப் பேப்பரை முதலிலிருந்து கடைசி வரை அவர் படித்து முடித்திருப்பார்.

நான் போன பிறகும் விடவில்லையாம். மளிகைப் பொட்டலக் காகிதத்தில் தொடங்கி இன்றுவரை படித்துக்கொண்டே இருக்கிறாராம். இத்தனை வருடமாக ஐயாவுக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை, இப்போதாவது நீங்களே படித்துக் காட்டக் கூடாதா என்று கேட்டேன்.

"அவரு கேக்கலியே பாயம்மா. அவருக்குத் தெரியாம என்கிட்ட கீறது இது ஒண்ணுதான். அதையும் குடுத்துடச் சொல்றியா?"

அப்படியென்றால் உங்களைப் பற்றி எழுதவில்லை, என் கதையை மட்டும் எழுதுகிறேன் என்றேன். மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. காசு ஓடுகிறது என்று மகன் கை காட்டினான். பிறகு வாத்தியாரம்மா பேசினார். அந்தக் குரலில் பயம் இல்லை.

"எல்லாத்தையும் எழுது. மலரு வந்த அன்னிக்குப் பக்கத்து வூட்டுக்காரர வரவேணாம்னு சொல்லிடறேன். இத நானே அவருக்குப் படிச்சிக் காட்டறேன்."

ஆகவே, ஹெட்மாஸ்டர் ஐயா அவர்களே, இது உங்கள் காதில் யார் குரலில் விழுந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். முதல் பக்கத்திலேயே எழுந்திருக்கப் பார்த்திருப்பீர்கள். எழுந்து எங்கே போவீர்கள்? கைபிடித்துக் கூட்டிப் போகவும் அவர்தான் வரவேண்டும். நிறுத்து என்று சொல்லியிருப்பீர்கள். நிறுத்தியிருக்கமாட்டார். பவள விழாவுக்கு என் வாழ்த்துகள். நெடுநாள் இருங்கள், நன்றாகக் கேளுங்கள். விளங்காத இடம் ஏதாவது இருந்தால் வாசிக்கிறவரிடமே கேளுங்கள். வயதைப் பார்க்காமல் சொல்லித் தருவார்.